தவளைத் தோலில் ஒரு பூஞ்சை: கேள்வியும் பதிலும்

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பல மழைக்காலங்கள் பஞ்சுக்குச்சியால் தவளைகளின் அடிவயிற்றைத் தடவி மாதிரி எடுத்தவன் என்ற தகுதியில் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். தவளை, தேரை, தலைப்பிரட்டை பற்றிக் கேளுங்கள். பாம்புக் கேள்விகளுக்கு வேறு ஆள் பாருங்கள்.

ஐயா, கைட்ரிட் பூஞ்சை தவளைகளைக் கொல்கிறது என்கிறார்கள். தோலில் வரும் ஒரு நோயால் உயிர் போகுமா? (பள்ளி ஆசிரியர், கோத்தகிரி)

நல்ல கேள்வி. நமக்குத் தோல் சட்டை மாதிரி. தவளைக்கு அதுவே வாய், அதுவே பாதி மூக்கு. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. சுவாசத்தில் ஒரு பங்கும் தோல் வழியாகத்தான். உடலுக்கு வேண்டிய உப்புகளை உள்ளே இழுப்பதும் அதே தோல்தான்.

இந்தப் பூஞ்சையின் வித்துக்கு வால் உண்டு. நீரில் நீந்தி வந்து தோலில் ஒட்டி, கெரட்டின் (நம் நகத்தில் இருக்கும் கடினப் புரதம்) உள்ள மேலடுக்கில் புகுந்து, பை போல வளர்ந்து, மறுபடி நூற்றுக்கணக்கான வித்துகளை நீரில் கக்கும். தோல் தடித்து, உப்பை இழுக்கும் வேலை நின்றுபோகும். ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளைகளை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. நோய் முற்றிய தவளைகளின் இரத்தத்தில் சோடியம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும் பொட்டாசியம் ஏறக்குறைய பாதியும் குறைந்திருந்தன. கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. தோலில் தொடங்கி இதயத்தில் முடியும் நோய் இது.

இன்னொன்றையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். தலைப்பிரட்டைக்கு வாயோரத்தில் மட்டும்தான் கெரட்டின். அதனால் நோயை அது சுமக்கும், ஆனால் பொதுவாகச் சாகாது. ஓடை நிறையத் தலைப்பிரட்டைகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நலமாகத்தான் இருக்கிறது" என்று திரும்பிவிடுவோம். வால் சுருங்கிக் கால் முளைத்துக் கரையேறிய பிறகுதான் சாவு தொடங்கும்.

மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் தொற்றுமா?

தொற்றாது. இது நீர்நில வாழ்விகளின் நோய். நம் உடல் சூட்டிலேயே அது பிழைக்காது.

இந்தப் பூஞ்சை எங்கிருந்து வந்தது? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் செத்துக் கிடந்த தவளைகளின் தோலில் இதைக் கண்டு 1998இல் அறிவித்தார்கள். பெயர் வைத்தது 1999இல். நெடுங்காலம் ஆப்பிரிக்காவைத்தான் சந்தேகித்தார்கள். காரணம் விசித்திரமானது. 1930களிலிருந்து, ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்று அறிய அவளுடைய சிறுநீரை ஆப்பிரிக்க நகத்தவளைக்கு ஊசியில் ஏற்றுவார்கள். தவளை முட்டையிட்டால் கரு உறுதி. இதற்காக அந்தத் தவளைகள் உலகெங்கும் கப்பலேறின. அவை பூஞ்சையைச் சுமக்கும், ஆனால் எளிதில் சாகாது. பரப்ப இதைவிடத் தோதான பிராணி கிடைக்காது. ஆனால் 2018இல் வெளியான மரபணு ஆய்வு வேர் கிழக்கு ஆசியாவில், குறிப்பாகக் கொரியத் தீபகற்பத்தில் இருப்பதாகக் காட்டியது. எது வேராக இருந்தாலும், கண்டம் விட்டுக் கண்டம் ஏற்றிச் சென்றது நாம்தான்: ஆய்வகத் தவளை, வளர்ப்புத் தவளை, தட்டில் வைக்கும் தவளைக்கால்.

நம் மலைகளில் இருக்கிறதா? (தேயிலைத் தோட்டக் கண்காணிப்பாளர், வால்பாறை)

இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பல இனங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் தொற்றின் அளவு குறைவு. பனாமாவின் எல் கோப்பேயில் 2004இல் நடந்தது போல, ஓடைக்கரை முழுக்கப் பிணங்களாகக் கிடக்கும் காட்சியை இங்கு யாரும் பதிவு செய்யவில்லை. ஆசியப் பூஞ்சையும் ஆசியத் தவளையும் நெடுங்காலப் பழக்கம் என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். பூஞ்சையில் ரகங்கள் உண்டு. அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் சூறையாடிய ரகம் வேறு, ஆசியாவில் தங்கியிருக்கும் ரகங்கள் வேறு. இரண்டு ரகம் ஓரிடத்தில் சேர்ந்தால் கலப்பும் பிறக்கும். ஆகவே ஓர் ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்குப் போகும் முன் காலணியைக் கழுவி, நன்றாகக் காயவையுங்கள். காய்ந்தால் இந்த வித்து செத்துவிடும். செலவில்லாத மருந்து.

எங்கள் வீட்டுக் கிணற்றில் தவளைச் சத்தமே இல்லை. பூஞ்சையா? (திருச்சி)

உங்கள் ஊர் வெயிலில் பூஞ்சையை நான் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். 17 முதல் 25 பாகை செல்சியஸ் வரை அதற்கு இதம், 28ஐத் தாண்டினால் வளர்ச்சி தடுமாறும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, பக்கத்து வயலில் என்ன மருந்து அடிக்கிறார்கள், முதலில் இதைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் பூஞ்சை என்கிறீர்கள். கோஸ்டா ரிகாவின் பொன்தேரை புவி வெப்பத்தால் அழிந்தது என்றுதான் நான் படித்திருக்கிறேன். (கோவை)

எல்லாவற்றுக்கும் சொல்லவில்லை. மேலே திருச்சிக்காரரைத் திருப்பி அனுப்பியதைப் பாருங்கள். ஆனால் நீங்கள் தொட்ட இடம் சுவையானது.

மான்டெவெர்டே மேகக்காடு. 1987இல் பொன்தேரைகள் 1500க்கு மேல் இனப்பெருக்கத்துக்குக் கூடின. குட்டைகள் வற்றி முட்டைகள் காய்ந்தன. மறு வருடம் அதே இடத்தில் ஒன்றே ஒன்று. 1989 மே மாதம் ஒற்றை ஆண். அதன்பின் எவரும் பார்க்கவில்லை. 2006இல் ஓர் ஆய்வு, வெப்பம் கூடி மேகம் திரண்டதால் இரவுச் சூடு பூஞ்சைக்கு ஏற்றதாக மாறியது என்றது. நீங்கள் படித்தது அதன் வழி வந்ததாக இருக்கலாம். 2008இல் எதிர்வாதம் வந்தது: தவளைகள் மறைந்த ஆண்டுகளை வரைபடத்தில் குறித்தால், ஊர் விட்டு ஊர் நகரும் கொள்ளைநோய் போலத் தெரிகிறதே தவிர, எங்கும் ஒரே சமயம் ஏறும் வெப்பம் போலத் தெரியவில்லை. 2010இல் அந்தக் காட்டு மரங்களின் தண்டில் பதிந்த ஈரக் கணக்கைப் படித்தவர்கள், 1986–87 எல் நினோ (பசிபிக் கடல் சூடேறி மழையைக் குலைக்கும் நிகழ்வு) வறட்சி கடுமையானதுதான், ஆனால் நீண்டகாலமாக ஏறிவந்த போக்கு அல்ல என்றார்கள்.

அப்படியானால் வறட்சிதான் கொன்றது, பூஞ்சை அல்ல என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்! (அதே கோவை வாசகர்)

அவசரப்படாதீர்கள். எல் நினோ அந்தத் தேரைக்குப் புதிதல்ல, எத்தனையோ வறட்சியைத் தாண்டி வந்த இனம் அது. 1987க்குப் பின் மான்டெவெர்டே வட்டாரத்தில் 50 தவளை, தேரை இனங்களில் 20 காணாமல் போயின. வெறும் வறட்சி இப்படிச் செய்யாது. என் கணிப்பு: வறட்சியில் மிஞ்சிய நாலைந்து ஈரப் பொத்தல்களில் தேரைகள் நெருக்கியடித்தன, நோய் கைமாறியது. அன்று ஒரு தேரையின் தோலையும் யாரும் இதற்காகச் சோதிக்கவில்லை, பூஞ்சையே அறியப்படாத காலம். பிணம் கிடைக்காத கொலை வழக்கு. சாட்சிகளை வைத்துத்தான் பேச முடியும்.

ஆக, நிரூபணம் இல்லை! (மறுபடி கோவை)

பொன்தேரைக்கு இல்லை. எல் கோப்பேயில் உண்டு: பூஞ்சை வரும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே காத்திருந்தார்கள், வந்தது, பிணங்களைச் சோதித்தார்கள். ஒரு வழக்கில் சாட்சி போதவில்லை என்பதால் ஊரில் கொலைகாரனே இல்லை என்று ஆகிவிடாது. உங்களுக்கு இது போதும். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சேர், இலங்கையில் அழிந்த புதர்த்தவளைகளுக்கும் இதுவா காரணம்? (மாணவி, பேராதனை)

இல்லையம்மா. அவற்றில் பெரும்பாலானவை பழைய அருங்காட்சியக மாதிரிகளால் மட்டுமே அறியப்பட்டவை. கோப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை வெட்டியதைத்தான் அங்கே முதலில் கணக்கெடுக்க வேண்டும். கோவைக்காரர் இதையும் படிக்கட்டும்.

நாய்க்குத் தொற்றுமா?

இரண்டாம் கேள்வியைப் பாருங்கள்.

501 இனங்கள் பாதிக்கப்பட்டன, 90 அழிந்தன என்ற கணக்கு சரியா?

2019 ஆய்வின் கணக்கு அது. ஒவ்வோர் இனத்துக்கும் சான்று போதுமா என்று 2020இலேயே மறுப்பு எழுந்தது. எண்ணை மேற்கோள் காட்டினால் மறுப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மருந்து உண்டா ஐயா? (கால்நடை மருத்துவ மாணவர்)

தொட்டியில் இருக்கும் தவளைக்கு உண்டு. இட்ராகோனசோல் கலந்த நீரில் குளிப்பாட்டலாம். நம் ஊரில் படர்தாமரைக்கு எழுதித் தரும் அதே மருந்துதான். காட்டில் ஓடும் ஓடையை எப்படிக் குளிப்பாட்டுவது? ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் மட்டும் சாதித்தார்கள். குட்டைகளிலிருந்து தலைப்பிரட்டைகளை அள்ளி மருந்து கொடுத்து, குட்டையை வற்றவைத்துக் கிருமிநாசினி தெளித்து, அவற்றைத் திரும்ப விட்டார்கள். வெற்றி 2015இல் வெளியானது. தீவும் குட்டைகளும் சிறியவை என்பதால் முடிந்தது.

அந்தத் தீவுக்குப் பூஞ்சை எப்படி வந்தது தெரியுமா? அழிவிலிருந்து காப்பதற்காகக் கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்ட தேரைகளோடு வந்தது. வளர்த்த இடத்தில் ஆப்பிரிக்கத் தவளைகளும் இருந்தன. நல்ல மனசு மட்டும் போதாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவில் இன்னொரு முறை. துளையுள்ள செங்கற்களுக்குக் கறுப்புச் சாயம் பூசிச் சிறு பசுமைக்குடிலில் அடுக்கினார்கள். வெயிலில் சூடேறிய துளைக்குள் தவளைகள் தாமாகவே போய் உட்கார்ந்து நோயைச் சுட்டு விரட்டிக்கொண்டன. அப்படித் தேறியவை அடுத்த தொற்றையும் தாங்கின. 2024இல் வந்த ஆய்வு. எனக்கு மிகப் பிடித்தது.

வற்றும் குட்டையிலிருந்து தலைப்பிரட்டைகளை எடுத்து எங்கள் பண்ணைக் குளத்தில் விடலாமா? (ஏலகிரி)

கூடாது. இதே கேள்வியை வேறு சொற்களில் ஐந்து பேர் அனுப்பியிருக்கிறார்கள். ஐவருக்கும் கூடாது. மயோர்க்கா கதையை மறுபடி படியுங்கள். குட்டைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், அது போதும்.

எங்கள் ஊரில் மழை வேண்டித் தவளைகளுக்குக் கல்யாணம் செய்கிறோம். அதிலும் ஆபத்தா, ஐயா?

மணமகனும் மணமகளும் ஒரே குளத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். மஞ்சள், குங்குமம் எதையும் தோலில் பூசாதீர்கள். தாலி கட்டி முடித்ததும் அதை அவிழ்த்துவிட்டு, எடுத்த குளத்திலேயே இருவரையும் விட்டுவிடுங்கள். காலணியைக் கழுவிக் காயவையுங்கள்.