புலமைப்பரிசில் வகுப்புக்கு நடுவே ஐந்தாங்கல் எதற்கு?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வசிக்கிறோம். மகள் நான்காம் தரம்; அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை. பின்னேர வகுப்பு முடிந்து வந்ததும் அவளுடைய அப்பாயி ஐந்தாங்கல் ஆடக் கூப்பிடுகிறார். தடுத்தால், "நாங்களெல்லாம் விளையாடித்தானே வளர்ந்தோம்" என்று கோபிக்கிறார். என்ன செய்வது?

பதில்: ஆடவிடுங்கள், சகோதரி. அப்பாயி சொல்வது முழுக்கச் சரியல்ல. அவர் தலைமுறையில் பலர் சிறு வயதிலேயே கொழுந்துக் கூடையைத் தூக்கியவர்கள். விளையாடக் கிடைத்த காலம் கொஞ்சம்தான். பேத்தியோடு ஆடும் ஆசை அதனால்கூட இருக்கலாம்.

ஐந்தாங்கல்லை ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். மேலே வீசிய கல் இறங்குவதற்குள் தரையில் எந்த இரண்டை அள்ளுவது என்று பிள்ளை தீர்மானித்தாக வேண்டும். பக்கத்துக் கல்லில் விரல் பட்டால் ஆட்டம் போயிற்று. கவனம், கை நிதானம், முன்யோசனை எல்லாம் அந்த ஒரு நொடியில் வேலை செய்கின்றன. அதைவிடப் பெரியது, "தொட்டாய்", "தொடவில்லை" என்று எழும் சண்டை. பெரியவர்கள் தலையிடாவிட்டால் பிள்ளைகள் தாங்களே விதி பேசி, விட்டுக்கொடுத்து, ஆட்டத்தைத் தொடர்வார்கள். இதைக் கற்றுத்தரும் வகுப்பு எதையும் நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட ஆட்டங்கள் நமக்கு மட்டும் உரியவை அல்ல. பண்டைய கிரேக்கத்தில் ஆட்டின் கணுக்கால் எலும்பை வீசிப் பிடித்தார்கள். மொங்கோலியாவில் இன்றும் அதே எலும்பு விளையாட்டுப் பொருள்தான். நம் பல்லாங்குழியின் உறவுகள் ஆபிரிக்கா முழுவதும் இருக்கின்றன. சிங்கள வீடுகளில் புத்தாண்டுக்கு ஆடும் ஒலிந்த கெலியவும் அந்தக் குடும்பமே. அதற்குக் குன்றிமணி வைப்பார்கள். உங்கள் வீட்டில் அது வேண்டாம், கடித்து மென்றால் கொடிய நஞ்சு. புளியங்கொட்டை போதும்.

பரீட்சையில் புள்ளி கூடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். விளையாட்டுக்குள் பெருக்கல் வாய்ப்பாட்டைத் திணிக்கவும் வேண்டாம். அந்தக் கணமே அது இன்னொரு வகுப்பாகிவிடும். ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம், 31ஆம் உறுப்புரையில் சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றது.

வகுப்பால் வந்ததும் தேநீர், பிறகு அரை மணி நேரம் ஆட்டம், அதன்பின் புத்தகம். மழை நாளில் இஸ்தோப்பே (வீட்டு முன்திண்ணையே) போதும். தவழும் தம்பி, தங்கை இருந்தால் கற்களை எண்ணி எடுத்துவையுங்கள். வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். வெளியே ஒளிந்து விளையாடும்போது மருந்தடித்த மலைப்பக்கமும் குளவிக்கூடு உள்ள மரமும் கூடாது. பரீட்சைக்கு முந்திய மாதத்திலும் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள், நேரத்தைச் சற்றுக் குறைத்தால் போதும்.