விளையாடும் மகளுக்குக் கல்லூரி தரும் பணம்

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை உள்ள எங்கள் மகள், டெக்சஸில் முழு உதவித்தொகையுடன் படித்துக்கொண்டே கல்லூரி அணிக்காக டென்னிஸ் ஆடுகிறாள். இப்போது தன் விளையாட்டு வருவாயில் ஒரு பங்காக ஆண்டுக்கு 12,000 டாலர் தருவதாகக் கல்லூரி கூறுகிறது. படிப்பே இலவசமாகக் கிடைக்கும்போது மேற்கொண்டு பணம் வாங்குவது முறையா என்று என் கணவர் தயங்குகிறார்.
— வாசகி, டாலஸ்

பதில்: தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு நெடுங்காலம் உங்கள் கணவரின் வாதத்தையே முன்வைத்தது. ஆனால், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு அது விதித்திருந்த வரம்பு செல்லாது என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, 2025–26 கல்வியாண்டில் அதில் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியும் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாக வழங்கலாம். இதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்குமே போகிறது என்பதால், டென்னிஸ் வீராங்கனைக்கு இப்படியொரு வாய்ப்பு வருவது அரிது. பயிற்சியாலும் பயணத்தாலும் பகுதிநேர வேலைக்குக்கூட நேரமில்லாமல், காயம்படும் அபாயத்தையும் தானே சுமக்கும் ஒரு பெண்ணுக்கு இது சலுகை அன்று. உழைப்புக்கான ஊதியம் என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் 12,000 டாலரையும் முழுதாகச் செலவழித்துவிட முடியாது. கல்லூரி உங்கள் மகளைத் தனி ஒப்பந்ததாரராகக் கருதினால் வரி எதையும் பிடித்துக்கொள்ளாமல் முழுத் தொகையையும் கொடுத்துவிடும், 15.3 சதவீத சுயதொழில் வரியை, அதாவது சட்டம் தரும் சிறு கழிவு போக ஏறக்குறைய 1,700 டாலரை, அவரே கட்ட வேண்டும். கல்விக் கட்டணத்துக்கான உதவித்தொகைக்கு வரி இல்லை என்றாலும், தங்குமிடத்துக்கும் உணவுக்கும் தரப்படும் பகுதி வருமானமாகவே கணக்கிடப்படும் என்பதால், இரண்டும் சேரும்போது வருமான வரியும் வரக்கூடும். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாதது ஓர் ஆறுதல். பணம் வரும்போதெல்லாம் கால் பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களில் முன்வரி செலுத்தட்டும். மிச்சத்தில் ஒரு பகுதியை அவர் பெயரில் ராத் ஐ.ஆர்.ஏ. எனும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள், 2025-க்கான உச்சவரம்பு 7,000 டாலர். இந்த வயதில் போடும் பணம் வளர்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடைக்கும்.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். காயத்தால் ஆட முடியாமல் போனால் தொகை நிற்குமா, வேறு கல்லூரிக்கு மாறினால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டுமா, அவர் பெயரையும் படத்தையும் கல்லூரி எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்ற மூன்றுக்கும் எழுத்தில் தெளிவான பதில் கிடைக்கும் வரை கையெழுத்திட வேண்டாம்.