கோள் பார்ப்போருக்கு: கேள்வி பதில்

வெறுங்கண், பைனாகுலர், 200 மி.மீ. வரையிலான டெலஸ்கோப் ஆகியவற்றால் கோள்களைப் பார்ப்பது பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: சூரியன் வானத்தில் இருக்கும்வரை, குழாயின் முன்வாயை மூடும் சூரிய ஃபில்டர் இல்லாமல், அதன் பக்கமாக எந்தக் கருவியையும் திருப்பாதீர்கள்.

கேள்வி: மாலையில் மேற்கே பளிச்சென்று ஒன்று தெரிகிறது. நட்சத்திரமா, கோளா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மாலையில் மேற்கே, அல்லது விடியலில் கிழக்கே, கண்ணைப் பறிக்கும்படி இருந்தால் பெரும்பாலும் வெள்ளி. சூரியனை விட்டு அது ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகாது. நள்ளிரவில் உச்சியில் பளிச்சென்று நிற்பது வெள்ளியாக இருக்க முடியாது. வியாழனா என்று பாருங்கள்.

மின்னினால் நட்சத்திரம், மின்னாவிட்டால் கோள் என்பது பாதிதான் சரி. அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது கோளும் மின்னும். நம்பகமான அடையாளம் அது இருக்கும் இடம். சூரியனும் சந்திரனும் போகும் பாதையை ஒட்டியேதான் கோள்கள் நகரும். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை நான்கும் அந்தப் பாதையோரம் இருக்கும் பிரகாசமான விண்மீன்கள். இந்த நான்கையும் பழகிக்கொண்டால், அந்த வழியில் விண்மீன் படத்தில் இல்லாத பிரகாசமான புள்ளி எதுவும் கோள்தான். கேட்டையும் செவ்வாயும் இரண்டுமே செந்நிறம் என்பதால் அங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

தூரம் அளக்கக் கையே போதும். கையை முழுக்க நீட்டினால் மடக்கிய முஷ்டியின் அகலம் 10 பாகை, சுண்டுவிரல் 1 பாகை.

கேள்வி: முதல் டெலஸ்கோப் வாங்கப் போகிறேன். பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது. நல்லதா?

வாங்காதீர்கள். அந்த 525 எப்படி வருகிறது என்று பாருங்கள். குவியத்தூரம் (முன் லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) 700 மி.மீ. அதை 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வகுத்தால் 175. அதோடு கொடுக்கும் 3 மடங்கு பார்லோ லென்ஸைப் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) போட்டால் 525. கணக்கு சரி, ஆனால் டெலஸ்கோப்பின் முன் லென்ஸின் விட்டம் 60 மி.மீ. உருப்பெருக்கம் விட்டத்தின் (மி.மீ.யில்) இரு மடங்கைத் தாண்டினால் புதிதாக ஒரு விவரமும் கிடைக்காது. 60 மி.மீ.க்கு உச்சம் 120 மடங்கு. அதற்கு மேல் பிம்பம் பெரிதாகிக்கொண்டே மங்கிப்போகும்.

கேட்க வேண்டியது விட்டம், அதற்கடுத்து தாங்கி. ஃபோகஸ் திருகைத் தொட்டதும் பிம்பம் ஆடி, மூன்று நொடிக்குள் அடங்கவில்லையென்றால் நல்ல லென்ஸ் இருந்தும் பயனில்லை. கோள்களுக்கு என் முதல் தேர்வு 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத்தூரம் உள்ள டாப்சோனியன் (எளிய தாங்கியில் தரையில் நிற்கும் கண்ணாடி டெலஸ்கோப்). 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, 10 மி.மீ.யில் 120 மடங்கு. இடம் குறைவு, தூக்கிப் போக வேண்டும் என்றால் 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்), அல்லது 90 மி.மீ. மக்சுடோவ் (லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்த குட்டைக் குழாய்).

ஒரு பொறி உண்டு: நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும்) வகையில் "குவியத்தூரம் 1000 மி.மீ." என்று எழுதியிருந்து குழாய் அரை மீட்டர்தான் இருந்தால், ஃபோகஸர் அடியில் ஒரு திருத்த லென்ஸ் ஒளிந்திருக்கிறது என்று பொருள். அந்த அமைப்பில் கண்ணாடிகளை நேர்ப்படுத்துவது பெரும்பாடு, மலிவான மாதிரிகளில் பிம்பமும் கூர்மையாக வராது. தொடங்குகிறவருக்கு வேண்டாம்.

கேள்வி: டெலஸ்கோப் வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் ஒரே இருட்டு.

ஃபைண்டர் (குழாயின் மேல் உள்ள, குறிபார்க்கும் சிறு கருவி) நேராக இல்லை. பகலில், சூரியனுக்கு நேரெதிர்த் திசையில், அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோபுர உச்சி அல்லது கம்பத்தின் முனையை எடுத்துக்கொள்ளுங்கள். எண் பெரிய ஐபீஸை (25 அல்லது 20 மி.மீ.) போட்டு அந்த முனையை நடுவில் கொண்டுவந்து குழாயைப் பூட்டுங்கள். ஃபைண்டர் திருகுகளைத் திருகி அதே முனையை ஃபைண்டரின் நடுவுக்கு இழுங்கள். பிறகு 10 மி.மீ. போட்டு ஒருமுறை சரிபாருங்கள். இரவில் முதலில் சந்திரன், அப்புறம் வியாழன். பார்லோ பெட்டியிலேயே இருக்கட்டும். முன்மூடியில் உள்ள சிறு துளையை மட்டும் திறந்துவிட்டு முழு மூடியைக் கழற்ற மறப்பவர்களும் நிறைய, அதையும் பாருங்கள்.

கேள்வி: சனிக்கு வளையமே இல்லை, ஒரு கோடுதான் தெரிந்தது. லென்ஸ் பழுதா?

பழுது இல்லை. 2025 மார்ச்சில் வளையத்தின் தளம் நமக்கு நேர் விளிம்பாக வந்தது. அதையொட்டிய மாதங்களில் யாருக்கும் அப்படித்தான். இனி மெல்ல விரிந்து 2032-இல் ஏறத்தாழ 27 பாகைச் சாய்வை எட்டும். வளையத்தைப் பிரித்துப் பார்க்க 30 மடங்கு போதும்.

கேள்வி: நகரத்து மொட்டைமாடியிலிருந்து கோள் பார்க்க முடியுமா? சுற்றிலும் விளக்கு.

தாராளமாக முடியும். வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றுக்குத் தெருவிளக்கு ஒரு தடையே இல்லை. தடை வேறு: காற்று.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. இருட்டான இடம்தான் வானியலின் முதல் பாடம். நகரத்தில் பார்க்கலாம் என்று சொல்லிப் புதியவர்களைத் தவறான வழியில் விடுகிறீர்கள்.

நெபுலா, காலக்சி, பால்வீதி என்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கோள் வேறு சங்கதி. வியாழனின் தட்டு வான வெளிச்சத்தைவிடப் பல மடங்கு பிரகாசமானது. பின்னணி கொஞ்சம் வெளுத்தாலும் அதன் பட்டைகள் மறையாது. மறைப்பது கலங்கிய காற்றுதான். 150 மி.மீ. டெலஸ்கோப்பால் 0.8 விகலை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) அளவு நுணுக்கம் வரை பிரிக்க முடியும். காற்றோ சாதாரண இரவில் 2 விகலைக்குப் பிம்பத்தைக் குழப்பிவிடுகிறது. இருட்டைத் தேடிப் போய்க் கலங்கிய காற்றில் நின்றால், நகரத்தில் அடங்கிய காற்றில் நிற்பவரைவிடக் குறைவாகத்தான் பார்ப்பீர்கள்.

வானம் கரிய மையாக, விண்மீன்கள் வைரமாக மின்னும் இரவைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். கோள்களுக்கு அது மோசமான இரவு. அந்த மினுமினுப்பே காற்றின் கொந்தளிப்பு. மெல்லிய பனிமூட்டம் படர்ந்து, காற்று அசையாமல், விண்மீன்கள் மங்கலாகவும் அமைதியாகவும் நிற்கும் இரவில் டெலஸ்கோப்பை வெளியே எடுங்கள்.

மொட்டைமாடியில் கவனிக்க வேண்டியது விளக்கை அல்ல, சூட்டை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் நள்ளிரவு தாண்டியும் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். புல்தரை கிடைத்தால் அங்கே போங்கள். இல்லாவிட்டால் விடியற்காலையில் ஏறுங்கள். ஏசியின் வெளி யூனிட்டுக்கும் புகைபோக்கிக்கும் மேலாகப் பார்க்காதீர்கள். ஜன்னல் வழியாகவும் வேண்டாம், திறந்த ஜன்னலானாலும். கோள் 30 பாகைக்கு மேல் ஏறும்வரை காத்திருங்கள். 30 பாகையில் ஒளி கடந்துவரும் காற்று உச்சியில் இருப்பதைப் போல் இரு மடங்கு.

கேள்வி: கண்ணை அரை மணி நேரம் இருட்டில் பழக்க வேண்டாமா, அப்போது?

வெறுங்கண்ணால் மங்கலான விண்மீனைத் தேடுவதற்கு வேண்டும். வியாழனுக்கும் செவ்வாய்க்கும் வேண்டாம். முழுக்க இருளுக்குப் பழகிய கண்ணுக்கு வியாழன் கூசும். நுணுக்கமும் நிறமும் கலங்கும். பக்கத்தில் மங்கலான வெள்ளை விளக்கு ஒன்று எரிந்தால் பட்டைகளின் பழுப்பு இன்னும் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: காற்றுதான் எல்லாம் என்றால் பெரிய டெலஸ்கோப் எதற்கு? 80 மி.மீ.யே போதுமே.

நல்ல வாதம், முடிவுதான் தவறு. பெரிய விட்டம் காற்றின் கலக்கத்தை அதிகம் காட்டும், உண்மை. ஆனால் கொந்தளிப்பு ஒரே சீராக இருப்பதில்லை; இடையிடையே ஓரிரு நொடி அடங்கும். அந்த நொடியில் 200 மி.மீ. காட்டுவதை 80 மி.மீ. ஒருபோதும் காட்டாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரே கோளை இருபது நிமிடம் பாருங்கள். வந்து எட்டிப் பார்த்து நகர்பவருக்கு அந்த நொடி வாய்க்காது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: பிரகாசமான விண்மீனை 150 மடங்கில் வைத்து ஃபோகஸைச் சற்றுத் தளர்த்துங்கள். விரிந்த வட்டத்தில் புகைபோல் மெதுவாகச் சுருள் எழுந்தால் சூடு உங்கள் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. 150 மி.மீ. கண்ணாடி ஆற அரை மணி முதல் முக்கால் மணி, 200 மி.மீ.க்கு ஒரு மணி, மூடிய மக்சுடோவுக்கு இன்னும் கூட. ஒரே திசையில் விரைந்து ஓடும் அலை தெரிந்தால் அது உயரக் காற்று. அன்றைக்குச் செய்ய ஒன்றுமில்லை, சந்திரனைப் பாருங்கள்.

கேள்வி: கிழக்கே ஒன்று மின்னுகிறது. கோளா, நட்சத்திரமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: புதனைப் பார்த்ததே இல்லை. எப்படி?

சூரியனிலிருந்து அது அதிகபட்சம் 18 முதல் 28 பாகைதான் விலகும்; அந்த விலகல் வரும் வாரத்தைப் பஞ்சாங்கத்திலோ ஸ்டெல்லேரியம் என்ற வான்படச் செயலியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். அடிவானம் மறைக்காத இடத்தில், சூரியன் மறைந்து 30 முதல் 45 நிமிடத்துக்குள் தேடுங்கள். மாலையில் சூரியன் முழுதாக மறைந்த பிறகே பைனாகுலரை எடுக்கலாம். விடியலில் ஆபத்து கூடுதல்: தேடிக்கொண்டிருக்கும்போதே சூரியன் எழுந்துவிடும். உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் அலாரம் வையுங்கள், அடித்ததும் நிறுத்துங்கள்.

கேள்வி: கிட்டில் ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் இருந்தது. பயன்படுத்தலாமா?

இன்றைக்கே உடைத்துப் போடுங்கள். சூரிய ஒளி குவியும் இடத்தில் அது உட்காருகிறது. சூட்டில் கண நேரத்தில் விரிசல் விடும், கண் போய்விடும். சூரியனுக்கு ஃபில்டர் குழாயின் முன்வாயை முழுக்க மூட வேண்டும், காற்றுக்கு விழாதபடி டேப் ஒட்ட வேண்டும், ஃபைண்டரைக் கழற்றி வைக்க வேண்டும். எக்ஸ்-ரே ஃபிலிம், புகைக் கண்ணாடி எதுவும் ஆகாது.

கேள்வி: வியாழனுக்கு மூன்று நிலாதான் தெரிந்தது. நான்காவது எங்கே?

இதைக் கேட்டதற்கு மகிழ்ச்சி. மூன்று இடங்களில் இருக்கலாம்: வியாழனுக்கு முன்னால், பின்னால், அல்லது அதன் நிழலுக்குள். எதிர்நிலைக்கு (வானத்தில் சூரியனுக்கு நேரெதிரே கோள் நிற்கும் சமயம்) முந்தைய மாதங்களில் நிழல் மேற்கே சாய்ந்திருக்கும். அப்போது நிலா தட்டைத் தொடுவதற்கு முன்பே, வெட்டவெளியில், சில நிமிடத்தில் மங்கி அணைந்துவிடும். எதிர்நிலைக்குப் பிறகு கிழக்குப் பக்கம் இதேபோல் திடீரென்று முளைக்கும். முன்னால் கடந்தால் நிலாவைக் காண்பது கடினம், ஆனால் அதன் நிழல் மைப்புள்ளியாகத் தட்டில் ஊர்வதை 100 மி.மீ. டெலஸ்கோப்பில் 100 மடங்கில் பிடிக்கலாம். அயோ 1.77 நாளில் சுற்றுகிறது, யூரோப்பா 3.55, கானிமீட் 7.15, கலிஸ்டோ 16.7. அரை மணிக்கு ஒருமுறை வரைந்து வைத்தால் ஒரே இரவில் அயோவின் நகர்வு புலப்படும்.

கேள்வி: எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?

மேலே இருக்கிறது. விட்டம், தாங்கி.

கேள்வி: ஆகஸ்டில் செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியுமாமே?

பொய். 2003 ஆகஸ்ட் 27-இல் மிக அருகே வந்தபோதே அதன் அகலம் 25 விகலை; சந்திரனுக்கு 1800 விகலைக்கு மேல். செவ்வாயின் எதிர்நிலை சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை. 2027 பிப்ரவரியில் வருவது சிறியது, 14 விகலைக்குள். 2035 செப்டம்பரில் மறுபடி 24-ஐத் தாண்டும்.

கேள்வி: யுரேனஸ் பைனாகுலரில் தெரியுமா?

தெரியும். ஒளித்தரம் (எண் கூடினால் மங்கல்) 5.7, 10x50 பைனாகுலருக்கு (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) எளிது. நகர வெளிச்சத்துக்கு எதிராகப் பேசியவர் இங்கே வெல்கிறார்: இருட்டான இடம் உதவும். 2026 தொடக்கத்தில் கார்த்திகைக் கூட்டத்துக்குத் தெற்கே சுமார் 5 பாகையில் இருந்தது, அங்கிருந்து மெல்லக் கிழக்கே நகர்கிறது. 1690-இல் வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் அதை ரிஷபத்தில் கண்டு, விண்மீன் என்று எண்ணி 34 டாரி என்று பட்டியலில் சேர்த்தார். கோள் என்று தெரிந்தது ஹெர்ஷல் 1781-இல் அதைக் கண்ட பிறகுதான். அது ஒருமுறை சூரியனைச் சுற்ற 84 ஆண்டு. நான்கு சுற்று முடித்து இப்போது அதே ரிஷபத்துக்குத் திரும்பியிருக்கிறது. பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, தெரியும் புள்ளிகளையெல்லாம் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரைந்து ஒப்பிடுங்கள். இடம் மாறிய புள்ளி எதுவோ அதுதான் யுரேனஸ்.