மின்னணுக் கழிவுக் கூடத்தின் அருகே வசிப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: சற்றுத் தொலைவில் பழைய கணினிகளை உடைத்துப் பிரிக்கிறார்கள். புகை எங்கள் பக்கம் வருவதில்லை. கவலைப்பட வேண்டுமா?

பதில்: புகை வராதது ஓரளவுக்குத்தான் ஆறுதல். செம்புக்காகக் கம்பிகளின் மேலுறையை எரிக்கும்போது டையாக்சின்கள் என்னும் நச்சு வேதிப்பொருள்களும் நுண்துகள்களும் காற்றில் கலப்பது உண்மையே. ஆயினும் பழைய கணினித் திரைகளின் உடைத்த படக்குழாய்க் கண்ணாடியிலிருந்தும், பாகங்களை ஒட்ட உருக்கி ஊற்றும் பற்றாசைச் சுரண்டுவதிலிருந்தும் வரும் ஈயத் தூசி மண்ணில் படிந்து, செருப்பிலும் உடையிலும் ஒட்டி வீட்டுக்குள் வந்து, தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இந்த வழியைத்தான். மின்னணுக் கழிவைப் பிரிக்கும் ஊரான சீனாவின் குயியூவில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், இரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு டெசிலிட்டருக்கு 15.3 மைக்ரோகிராமாக இருந்தது. அளவு 5ஐ எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து அதை நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி.

கேள்வி: இரண்டு வயது மகள் நன்றாகத்தான் விளையாடுகிறாள். பரிசோதனை தேவையா?

பதில்: தேவை. கற்றல் திறனையும் கவனத்தையும் குறைக்கும் அளவுக்கு ஈயம் ஏறியிருந்தாலும் வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம் என்பதால், குழந்தை விளையாடுவதை வைத்து முடிவு செய்ய இயலாது. விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் அளவு கூடுதலாக வந்தால், தோலில் ஒட்டிய தூசியும் அதற்குக் காரணமாகலாம். எனவே கையின் இரத்தக் குழாயிலிருந்து (சிரை) இரத்தம் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தையின் உடல் ஈயத்தை எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தலைமுடிச் சோதனையும், நச்சை வெளியேற்றுவதாக விற்கப்படும் பொடிகளும் பணத்துக்குத்தான் கேடு. ஈயத்தை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து, அளவு 45ஐத் தொடும் குழந்தைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுவது. அதற்குக் கீழே இருந்தால், ஈயம் வரும் வழியை அடைப்பதே சிகிச்சை.

கேள்வி: வீட்டுக் கோழிகள் அந்த மண்ணில்தான் மேய்கின்றன. முட்டையைக் கழுவி வேகவைத்தால் போதுமா?

பதில்: போதாது. கோழி மண்ணோடு விழுங்கும் டையாக்சின்கள் மஞ்சள் கருவின் கொழுப்பில் சேர்கின்றன. வேகவைப்பதால் அவை அழிவதில்லை. கானாவில் மின்னணுக் கழிவை எரித்துப் பிரித்த இடமான அக்போக்புளோஷியில் மேய்ந்த கோழிகளின் முட்டைகளில் அவை மிக அதிக அளவில் கண்டறியப்பட்டன. சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த முட்டைகளைத் தராதீர்கள்.

கேள்வி: தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் அதன் நன்மையே மிகுதி. உங்கள் இரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக இருந்தால் மட்டும் மருத்துவர் வேறு முடிவு சொல்லக்கூடும்.

கேள்வி: கணவர் அந்தக் கூடத்தில்தான் வேலை செய்கிறார், வேறு வேலை இல்லை.

பதில்: அவர் அங்கேயே குளித்து, உடையும் செருப்பும் மாற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். வேலை உடையைக் குழந்தையின் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். தரையைப் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். கணினியின் மின்சுற்றுப் பலகைகளைச் சூடாக்கும் வேலையையோ அமிலத்தில் ஊறவைக்கும் வேலையையோ வீட்டுக்குக் கொண்டுவந்து செய்வதாக இருந்தால், அதற்கு மட்டும் எந்த நிலையிலும் இடம் தராதீர்கள்.