தாயிடம் என்ன பேசுவது?

கேள்வி: உளவியல் ஆலோசனையில் பட்டமேற்படிப்புப் படிக்கும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். ஹெராயின், டிரமடால் போன்ற ஓபியாய்டுகளுக்கு அடிமையானவர்களின் குடும்பங்களுக்கு உதவ இவர்களை எப்படித் தயார்செய்வது?

பதில்: போதைப்பொருள் மூளையில் என்ன செய்கிறது என்பதைச் சில வகுப்புகளில் நடத்திவிடலாம், எதிரே அமர்ந்திருக்கும் தாயிடம் என்ன பேசுவது என்பதற்குத்தான் நீண்ட பயிற்சி வேண்டும். வகுப்பிலேயே ஒருவரைத் தாயாகவும் ஒருவரை அண்ணனாகவும் நடிக்கச் சொல்லுங்கள். “பீரோவில் வைத்த பணத்தைக் காணோம், கேட்டால் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான்” என்று தாய் அழுவார். “வீட்டைவிட்டுத் துரத்தினால்தான் புத்தி வரும்” என்று அண்ணன் குறுக்கிடுவார். பழகாத மாணவர் இந்த இடத்தில் அறிவுரை சொல்லத் தொடங்குவார், இல்லாவிட்டால் ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுவார். அன்று மாலை வீட்டில் யார் என்ன சொன்னார்கள், அதன்பின் என்ன நடந்தது என்று நிதானமாகக் கேட்டு வாங்குவதே அவர் கற்க வேண்டிய முதல் வேலை.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய ‘கிராஃப்ட்’ (CRAFT) முறையைப் பாடத்திட்டத்தில் அவசியம் சேருங்கள். சண்டையும் கெஞ்சலும் இல்லாமல் பேசவும், அடிமையானவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் நெருங்கி, போதையில் இருக்கும்போது விலகி நிற்கவும் குடும்பத்தாரைப் பழக்கும் முறை இது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு மறுத்துவந்த குடிநோயாளிகளில் 64 சதவீதத்தினரை இம்முறையில் பயின்ற உறவினர்கள் சிகிச்சைக்கு இணங்கவைத்தார்கள். உறவினர்கள் ஒன்றுகூடி நேருக்கு நேர் வற்புறுத்தும் முறையில் அது 30 சதவீதமே. ஆனால், அது குடியைப் பற்றிய ஆய்வு. ‘பட்டால்தான் தெரியும்’ என்று விட்டுப்பிடிக்கும் உத்தி ஓபியாய்டு விஷயத்தில் உயிருக்கே உலையாகலாம். உதடு நீலம்பாரித்து, மூச்சு அடங்கிக் கிடப்பவரை உறங்குவதாக நினைத்துவிடக் கூடாது என்பதையும், அளவுமீறிய ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் ஸ்பிரேயை மூக்கில் அடிக்கும் விதத்தையும் குடும்பத்தாருக்குச் சொல்லித்தர மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மருந்தின் வேகம் 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால், கண்விழித்தாலும் ஆம்புலன்ஸை அழைத்தே ஆக வேண்டும்.

ஓபியாய்டு அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையாக, அதே வகையைச் சேர்ந்த மெத்தடோன், பூப்ரினார்ஃபின் மருந்துகள் தரப்படும்போது, “ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?” என்று வீட்டார் கேட்பார்கள். நியாயமான சந்தேகம்தான். இம்மருந்துகள் ஏக்கத்தைத் தணித்து மரண அபாயத்தைக் குறைக்கின்றன என்பதையும், போதைப்பொருளை நிறுத்தியிருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுவதால் மீண்டும் பழைய அளவை எடுப்பவர் இறந்துபோகக்கூடும் என்பதையும் பயமுறுத்தாமல் விளக்கும் திறன், என் கருத்தில், எழுத்துத் தேர்வில் தெரியவராது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு பதிவுசெய்த உரையாடலை மாணவருடன் சேர்ந்து கேட்டு மதிப்பெண் போடுங்கள்.