ஆஸ்திரேலியக் கிராமங்களில் தன்னார்வத் தீயணைப்புக்கு ஆள் கிடைப்பது ஏன் சிரமம்?

தன்னார்வத் தீயணைப்புப் படை என்றால், ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் தீயணைக்கப் போவது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கிராமப்புறத் தீயணைப்புச் சேவையில் இப்படி 70,000-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, வேலைநாள் பகல் 11 மணிக்கு வண்டியேற ஆள் இருப்பது வேறு. திருவிழா வரி கட்ட எல்லோரும் இருந்தும், தேர்வடம் பிடிக்க ஆள் தேடுவதைப் போலத்தான். இளையவர்கள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட, மிஞ்சியவர்களுக்கு வயதாகிறது.

2019-20 காட்டுத்தீ மாதக்கணக்கில் நீடித்தபோது, சொந்தத் தொழிலை விட்டுவிட்டுக் குழாய் பிடித்தவர்களுக்கு வருமானமே நின்றுபோனது. கடைசியில் நாளுக்கு 300 டாலர், அதிகபட்சம் 6,000 டாலர் என்று அரசு உதவித்தொகை அறிவித்தது. இதெல்லாம் தீ வருமுன்பே இருந்திருக்க வேண்டும்.

தன்னார்வலர் என்றால் பயிற்சி இல்லாதவர் என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்படைப் பயிற்சியில் தேறிய பிறகே அவர்கள் தீயணைக்க அனுப்பப்படுகிறார்கள்.