மழை விட்ட பிறகு மரத்தில் பாசி: வேலூர் தச்சர் ஒருவரின் கேள்வி பதில்

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: திண்ணைத் தேக்குத் தூணில் அடியில் பச்சைப் பாசி, மேலே கறுப்புப் புள்ளி. ரெண்டுக்கும் ஒரே மருந்தா தம்பி?

பச்சை சுலபம்மா, மேலாகத்தான் ஒட்டியிருக்கும். ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணியில் ரெண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, தேங்காய் நாரால் ரேகை ஓடுற வாக்கிலேயே தேயுங்க. கம்பி நார் மட்டும் வேண்டாம், அதன் துணுக்கு மரத்தில் தங்கித் துரு பிடிக்கும்.

கறுப்பு என்னன்னு முதலில் பார்க்கணும். கண்ணில் படாத இடத்தில் பஞ்சால் ஒரு சொட்டு பிளீச் வையுங்க. ரெண்டு நிமிஷத்தில் வெளுத்தால் பூஞ்சணம். வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து தெளித்து, அரை மணி ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்க. வெளுக்கலைன்னா அது இரும்புக் கறையாகவோ வெறும் அழுக்காகவோ இருக்கும்.

ஆரணி: ஊஞ்சல் பலகையில் வினிகர் அடித்தேன். ஆணியைச் சுற்றி மை கொட்டின மாதிரி ஆயிடுச்சு அண்ணா.

என் வீட்டுப் பலகையையே நான் இப்படிக் கெடுத்திருக்கேன். வினிகர் இரும்பைக் கரைக்கும். கரைந்த இரும்பு மரத்தில் இருக்கிற டானின் என்கிற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் மை நிறம்தான். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒரு லிட்டர் சுடுதண்ணியில் 50 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்துத் தடவுங்க, கறை கண்ணெதிரே மங்கும். பிறகு நிறையத் தண்ணி விட்டுக் கழுவணும். அது விஷம், கையுறை கட்டாயம், பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது. ஆணியை எடுத்துட்டுப் பித்தளை ஸ்குரூ போட்டுடுங்க.

ஏலகிரி: பிளீச்சையும் வினிகரையும் கலந்தால் வேகமாப் போகுமா?

கலக்கவே கலக்காதீங்க! குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். பிளீச் தனியாகவே மரத்தின் நாரைப் பிரித்துப் பஞ்சு மாதிரி ஆக்கிடும். சோடியம் பெர்கார்பனேட் கிடைத்தால் அதுதான் என் தேர்வு. தண்ணியில் போட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவுமாகப் பிரியும். கால் மணி ஈரமாகவே வைத்துத் தேயுங்க.

காட்பாடி: பிரஷர் பம்பு அடிக்கலாமா?

வேண்டாம். ரேகைக்கு நடுவே இருக்கிற மெத்துப் பகுதி பெயர்ந்து பள்ளம் விழும்.

வாணியம்பாடி: எவ்வளவு கழுவினாலும் கார்த்திகையில் திரும்ப வந்துடுதே?

தூணோட அடியைப் பாருங்க. பழைய வீட்டில் மரம் மண்ணைத் தொடாமல் இருக்கக் கல் மேல் நிறுத்தியிருப்பாங்க. பிறகு சிமென்ட் போட்டு, டைல்ஸ் ஒட்டித் தரையை உயர்த்தினதில் அந்தக் கல் புதைஞ்சிருக்கும். மரம் நேரா ஈரத்தில் நிக்குது. தூணைச் சுற்றிலும் தரையை ரெண்டு விரல் அகலம் செதுக்கி விடுங்க, பூந்தொட்டியைத் தள்ளி வையுங்க.

கழுவின கையோடு எண்ணெய் பூசாதீங்க. மூணு நாள் நல்ல வெயில் காயட்டும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டால் மரம் உறிஞ்சணும், அப்போ பூசலாம். வெறும் ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கே சோறு, பூஞ்சணத் தடுப்பு கலந்ததா கேட்டு வாங்குங்க. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுடாதீங்க, தானாகவே தீப்பிடிக்கும். தண்ணியில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்டுத்தான் குப்பையில் போடணும்.